கறையும் களிம்பும்: ஒரு குத்துவிளக்கை முன்னிட்டுச் சில வரலாற்றுக் குறிப்புகள்



நம் குடும்பங்களுள் ஒன்று அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியுடன் வந்தது. அவர்களிடம் பாட்டியார் காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு வெளியேறியபோது அது முற்றத்தில் புதைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டு, ஒருவருடைய பயணப்பெட்டியில் டென்மார்க் வந்து சேர்ந்தது. அதன் அடித்தட்டில் கருமையும் பச்சையுமாகப் படிந்துள்ள கறை பழப்புளிக்கும் அசையவில்லை, தேசிக்காய்க்கும் அசையவில்லை. திருவிழாத் திருப்பலியில் அந்த விளக்கை ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கட்டுமானப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் புதியதுபோல் ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "செய்யலாமா, சுவாமி?" என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்பது என் சுருக்கமான விடை. காரணத்தைச் சொல்வதற்குச் சற்று நீண்ட வரலாறு தேவைப்படுகிறது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு விளக்கோ, செம்போ, தாம்பாளமோ இருக்கும் என்பதால் இதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நாம் வாழும் இந்த நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். டென்மார்க்கின் பழைய கிராமக் கோயில்களுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: கருங்கல்லில் குடைந்த திருமுழுக்குத் தொட்டியின் வாயில் பித்தளைத் தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். டேனிய மொழியில் அதை 'டோப்ஸ்ஃபாட்' என்பர். அத்தட்டுகளுள் மிகப் பல, ஏறத்தாழ 1500 முதல் 1650 வரையான காலத்தில், தென்ஜெர்மனியின் நியூரன்பேர்க் நகரத்துக் கன்னார்களால் அடித்துச் செய்யப்பட்டவை. நடுவில் ஆதாமும் ஏவாளும் மரத்தடியில் நிற்கும் காட்சி இருக்கும். அல்லது வானதூதர் கபிரியேல் அன்னை மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி இருக்கும். சுற்றிலும் அலங்கார எழுத்துகள் ஓடும். அவற்றுட் பலவற்றுக்கு இன்றுவரை தெளிவான பொருள் கிட்டவில்லை. விளிம்பில் பிற்காலத்தில் பொறித்த பெயரெழுத்துகளும் ஆண்டும் காணப்படும். அவை தட்டைக் கோயிலுக்குக் கொடுத்தவருடையவை.

1536இல் இந்நாடு லூத்தரன் வழிக்குச் சென்றது. பீடங்கள் மாறின, புனிதர்களின் உருவங்கள் அகற்றப்பட்டன, மடங்கள் மூடப்பட்டன. ஆனால் மங்கள வார்த்தைக் காட்சி பொறித்த தட்டு தொட்டியில் தங்கிவிட்டது; புதிய வழிபாட்டு முறையிலும் குழந்தைகளின் தலையில் வார்க்கும் நீரைத் தாங்கியது. எந்தச் சட்டமும் அந்த மரியாவின் முகத்தை அழிக்கச் சொல்லவில்லை. இருந்தும் இன்று பல தட்டுகளில் அந்த முகம் இல்லை. மூக்கும் கண்ணும் மழுங்கி, சிறகு எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு மேடு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைச் செய்தது சீர்திருத்தம் அன்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் முன்னர், தலைமுறை தலைமுறையாக, கறை போக்கிப் பளபளப்பாக்கிய கைகள் அதைச் செய்தன. மணலும் சாம்பலும் செங்கற்பொடியும் கொண்டு, மிகுந்த பக்தியுடன், நானூறு ஆண்டுகள் தேய்த்தார்கள்.

இதே கதை நம் பக்கத்திலும் உண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுள் இடையறாது வழிபாட்டில் இருந்தவற்றை உற்றுப் பாருங்கள். நாள்தோறும் நடக்கும் திருமஞ்சனத்தாலும், புளியிட்டுத் துலக்கியதாலும் முகம் தேய்ந்து, கண்ணையும் உதட்டையும் பிற்காலத்தில் மீண்டும் கீறி வைத்திருப்பார்கள். படையெடுப்புக் காலங்களில் மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்டு, உழும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ வெளிப்பட்ட திருமேனிகளிலோ, பச்சைப் படிவுக்குக் கீழே சிற்பி விட்ட உளிக்கோடு அப்படியே இருக்கும்.

தமிழில் பாத்திரத்தைத் தேய்ப்பதற்கும் 'விளக்குதல்' என்றே பெயர். பொருளைத் தெளிவாக்குவதற்கும் அதே சொல். ஏற்றி வைக்கும் தீபத்துக்கும் 'விளக்கு'. ஒளிரச் செய்தலே மூன்றுக்கும் பொது. விவிலியத்திலும் இந்த எண்ணம் ஆழமாக உண்டு. விடுதலைப் பயண நூலின் 38ஆம் அதிகாரத்தில், சந்திப்புக் கூடார வாயிலில் பணிசெய்த பெண்கள் தங்கள் கண்ணாடிகளைக் கொடுக்க, அவற்றால் வெண்கல நீர்த்தொட்டி செய்யப்பட்டதாகப் படிக்கிறோம். அக்காலத்துக் கண்ணாடி, மெருகேற்றிய உலோகமே. ஆகவே கோயிற் பொருள் பளபளக்க வேண்டும் என்று விரும்பியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எதைக் கறை என்று எண்ணினார்கள் என்பதே கேள்வி.

இதற்கு விடை காண, பித்தளை எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது; பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் துத்தநாகத்தை நாகம் என்று அறிவீர்கள். இந்த நாகத்தைத் தனியே பிரிப்பது கடினம். 907 பாகை செல்சியஸில் அது கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுவதற்கோ 1085 பாகை வேண்டும். உலையில் தாதுவிலிருந்து நாகம் விடுபட்டவுடனே புகையாகப் பறந்துவிடுகிறது. ஆகவே இடைக்கால ஐரோப்பியர் நாகத்தைக் கண்ணால் காணாமலேயே பித்தளை செய்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற புனைபெயரில் எழுதிய பெனடிக்ற் சபைத் துறவி ஒருவர், கைத்தொழில்களைப் பற்றிய தம் இலத்தீன் நூலின் மூன்றாம் பகுதியில் இம்முறையை விவரித்திருக்கிறார். கலமைன் எனப்படும் நாகத் தாதுவைப் பொடித்து, கரித்தூளுடன் கலந்து, செம்புத் துண்டுகளோடு மூடிய குகையிலிட்டுச் சூடாக்க, எழும் ஆவி செம்புக்குள்ளேயே புகுந்து பித்தளையாகிறது. திருப்பலிக்குரிய கலங்களையும் தூபக்கலசங்களையும் செய்தவர்கள் கண்ட வழி இது. ஆகென் நகருக்கு அருகே கெல்மிஸ் என்றோர் ஊர் இன்றும் பெல்ஜியத்தில் உண்டு. அந்தத் தாதுவின் பெயரே ஊரின் பெயராயிற்று. அதே வட்டாரத்தில் பித்தளைத் தொழிலால் செழித்திருந்த டினான் நகரை 1466இல் பர்கண்டிப் படைகள் அழித்தபோது, அங்கிருந்த கன்னார்கள் பல நகரங்களுக்குச் சிதறினர். தொழிலைக் கையில் சுமந்துகொண்டு நாடுவிட்டு நாடு போனவர்களின் கதை உங்களுக்குப் புதிதல்ல.

இந்தியாவில் இராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கங்களில், ஆவியைக் குளிர்வித்து நாகத்தைத் தனியே வடிக்கும் கலை குறைந்தது 600 ஆண்டுகளுக்கு முன்பே பெருந்தொழிலாக நடந்தது. ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான்.

இதில் நமக்கு ஒரு பயன் உண்டு. குகையிலிட்டு ஆவியேற்றும் பழைய முறையில் பித்தளைக்குள் நாகம் சுமார் 30 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. நாகம் குறைந்தால் நிறம் சற்றுச் சிவந்த பொன்னாக இருக்கும். இக்காலக் கடைகளில் வாங்கும் பித்தளைப் பொருள்களுட் பல எலுமிச்சை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பழைய பித்தளையின் இயல்பான நிறமே அழுக்குப்போலத் தோன்றுகிறது. "எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் வரவில்லை" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மஞ்சள் அதில் என்றுமே இருந்திராது.

இனிக் கறைக்கு வருவோம். செம்பின்மீது படரும் பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். புளித்த உணவைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறி நஞ்சாகும் என்பதால்தான் நம் வீடுகளில் உள்ளே ஈயம் பூசுவித்தார்கள். சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே உவமையாக எடுக்கின்றன. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு உடன்பிறந்தது என்பது அவ்வுவமையின் உயிர்நாடி. சமயக் கோட்பாட்டை இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் உலோகத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்ன உவமை அது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேதியியலின்படியும் களிம்பு செம்பின் மற்றொரு நிலையே. ஓட்சிசனோடு சேர்ந்தால் செம்பு கபிலமாகவும் கருமையாகவும் மாறும். கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். ஈரத்தோடும் கரியமிலத்தோடும் சேர்ந்தால் பச்சையாகும். அமிலத்தில் ஊறவைத்துக் களிம்பைக் கரைக்கும்போது, பொருளின் மேற்றோலைத்தான் கரைக்கிறோம். அந்தத் தோலில்தான் எழுத்தும் கோடும் உருவமும் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் பொல்லாதது உப்பு. செம்பும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்து உண்டாகும் வெளிறிய பொருள், ஈரமும் காற்றும் பட்டவுடன் இளம்பச்சைத் தூளாக உதிர்கிறது. உதிரும்போதே சிறிதளவு ஐதரோகுளோரிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. அந்த அமிலம் அடியிலுள்ள செம்பை மீண்டும் அரிக்கிறது. இப்படித் தானே தன்னைத் தின்னும் சுழற்சியைப் பிரெஞ்சு வேதியியலாளர் மார்சலன் பெர்த்தலோ 1890களில் விளக்கினார். நோய்போல் பரவுவதால் இதை 'வெண்கல நோய்' என்று பெயரிட்டார்கள். பித்தளையையும் குளோரைடு விட்டுவைப்பதில்லை. கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்து மண்ணில் சில ஆண்டுகள் கிடந்த விளக்கில் ஊசிமுனைப் பச்சைப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், எனக்கு முதலில் வரும் ஐயம் இதுவே. இந்த நிலையில் தேசிக்காயோடு உப்பையும் தொட்டுத் தேய்ப்பது, நெருப்பை அணைக்க நெய் வார்ப்பது போன்றது. கறை அன்றைக்குப் போகும். குளோரைடு நுண்துளைகளுக்குள் தங்கிவிடும். அடுத்த மாரிகாலத்தில் பச்சை மீண்டும் பூக்கும்.

இந்த நோயைப் புரிந்துகொள்வதில் நாம் வாழும் இந்தச் சிறிய நாட்டுக்குத் தனி இடமுண்டு என்பதை நம் இளையோர் அறிய வேண்டும். கல், வெண்கலம், இரும்பு என்று மனித வரலாற்றை மூன்று காலங்களாகப் பகுத்த கிறிஸ்டியான் யூர்கன்சன் தொம்சன் கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தின் மனிதர். அங்கே குவிந்த வெண்கலப் பொருள்கள் கண்முன்னே பச்சைத் தூளாவதைப் பார்த்தவர்கள் வாளாவிருக்கவில்லை. தேசிய அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த குஸ்தாவ் ரோசன்பேர்க், இரும்பும் வெண்கலமும் மண்ணில் எவ்வாறு மாறுகின்றன, அவற்றை எவ்வாறு காப்பது என்று 1917இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட சோதனை எளியது: ஐயத்துக்குரிய பொருளை ஈரக்காற்று நிரம்பிய மூடிய பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது. நோயிருந்தால் பச்சைத் துளிகள் அரும்பும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். கறையைக் கண்டதும் தேய்க்கப் பாயாமல், இது உயிருள்ள கறையா, உறங்கிவிட்ட கறையா என்று முதலில் கேட்டவர் அவர்.

அக்காலத்தில் பெரும்பாலோர் அப்படிக் கேட்கவில்லை. பித்தளைப் பட்டறைகளில் பொருளை நைத்திரிக் அமிலத்தில் முக்கியெடுத்துப் பளபளப்பாக்குவது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. அருங்காட்சியகங்களிலும் மேலோட்டை முழுவதும் உரித்துவிடும் முறைகள் பரவின. 1888இல் பேர்லினில் பிரீட்ரிக் ராத்கென் பொறுப்பில் அரச அருங்காட்சியகங்களுக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தபின், மின்னோட்டம் செலுத்திக் களிம்பை மீண்டும் உலோகமாக ஒடுக்கும் முறைகள் செம்மையாயின.

அந்த மின்பகுப்பு முறையைத் தமிழ் மண்ணில் கையாண்டவர் சு. பரமசிவன். 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்தார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்கீழ் தஞ்சை, நாகை வட்டாரங்களிலிருந்து அவ்வருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த திருமேனிகளில், தடித்த படிவின் அடியில் நோய் அரித்துக்கொண்டிருந்தவையும் இருந்தன. திருமேனியைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்னோட்டத்தை நீண்ட நேரம் செலுத்தினால் குளோரைடு வெளியேறும். பல திருமேனிகள் இவ்வாறு பிழைத்தன. அந்நாளில் இந்தியாவில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். எனினும் முறைக்கே ஒரு குறை இருந்தது. நோயோடு சேர்த்து, நூற்றாண்டுகள் கொடுத்த மேற்றோலும் போய்விடும். சில வேளைகளில் கரைந்த செம்பு இளஞ்சிவப்பாக மேலே மீண்டும் படியும். பிற்காலக் காப்பாளர்கள் இதனால்தான் அம்முறையைக் கடைசி வழியாக ஒதுக்கினார்கள். நோய் முற்றிய திருமேனிக்கு அந்நாளில் வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பரமசிவனின் பெயரை நான் இங்கே குறிப்பிட மற்றொரு காரணமும் உண்டு. 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். அச்சுவரோவியத்தின் சுண்ணச் சாந்தை ஆராய்ந்து தீட்டிய முறையை விளக்கியவரும் இதே பரமசிவன்தான். நம் ஸ்கீவ நகரத்துப் பழைய அன்னை மரியா கோயிலுக்குள் சென்றவர்கள் மேலே அண்ணாந்து பாருங்கள். கவிகை முழுவதும் புனிதர்கள் அணி அணியாக நிற்கிறார்கள். அவை 1522இல், சீர்திருத்தத்துக்கு வெறும் 14 ஆண்டுகள் முன்னர், தீட்டப்பட்டவை. பின்னர் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் வெளிக்கொணரப்பட்டவை. சுண்ணாம்பு பூசியவர்கள் அழிக்க எண்ணிச் செய்தார்களோ, தூய்மைக்காகச் செய்தார்களோ, அந்தப் பூச்சு காப்பாகவும் அமைந்தது. அதே காலத்தில் கீழே தொட்டியிலிருந்த பித்தளைத் தட்டுகளை மறைக்க யாரும் எண்ணவில்லை. ஆகவே அவை தேய்க்கப்பட்டன.

வரலாற்றின் அடுத்த படி மீண்டும் டென்மார்க்கில் எடுத்து வைக்கப்பட்டது. 1967இல் பிரிங்க் மட்சன் என்ற டேனியக் காப்பாளர், பென்சோட்ரையசோல் என்னும் சேர்மத்தைப் பழைய வெண்கலப் பொருள்களுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் எடுத்துரைத்தார். தொழிற்சாலைகளில் செம்பு மங்காமலிருக்க ஏற்கெனவே பயன்பட்டு வந்த பொருள் அது. களிம்பை உரிக்காமல், செம்போடு பிணைந்து ஒரு மெல்லிய திரையாகி, நோயின் சுழற்சியை அது நிறுத்துகிறது. இன்று உலகெங்கும் செப்புக் கலவைப் பொருள்களுக்கு மிகப் பரவலாகக் கையாளப்படும் முறைகளுள் இது ஒன்று. கறையை நீக்கும் கலையாகத் தொடங்கியது, கறையோடு பொருளைக் காக்கும் கலையாக மாறிய திருப்பம் அது. இதை வீட்டில் செய்யாதீர்கள். அப்பொருள் உடலுக்குத் தீங்கு தரக்கூடியது.

இப்போது அந்த விளக்கிடம் திரும்புவோம். அதன் அடித்தட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கருமைக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. முதல் எழுத்து 'ம'. அடுத்தது தெளிவாக இல்லை. கடைசியில் ஓர் எண் இருக்கிறது. சீதனமாகவோ கோயில் நேர்ச்சையாகவோ கொடுக்கும்போது பாத்திரத்தில் பெயர் வெட்டுவிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. குடும்பத்தாருக்கு அந்த எழுத்துகள் இருப்பதே அதுவரை தெரியாது. பாட்டியாரின் பெயர் 'ம'வில் தொடங்கவில்லை; அவருடைய தாயாருடையதாக இருக்கலாம். அந்தப் புள்ளிகளின் ஆழம் ஒரு தாளின் கனமே இருக்கும். ஓரிரவு அமிலத்தில் கிடந்தால் எது மிஞ்சும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். திருமுழுக்குப் பதிவேடுகள் போரில் தொலைந்த குடும்பங்களுக்கு இப்படி ஓர் எழுத்து எவ்வளவு பெரிது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். எதையும் தொடுமுன் படம் எடுங்கள். குறிப்பாக அடிப்பகுதியை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்து எடுங்கள். அடுத்து, கருமை முழுவதும் உலோகக் கறை என்று எண்ணிவிடாதீர்கள். குத்துவிளக்கில் பிடிவாதமாக நிற்கும் கருமையின் பெரும்பகுதி, பல ஆண்டுத் தேங்காயெண்ணெயும் புகையும் சேர்ந்து இறுகிய பிசுக்கே. அதைப் புளி ஒன்றும் செய்யாது. இளஞ்சூடான நீரும், பாத்திரம் கழுவும் சாதாரண சவர்க்காரமும், பொறுமையும் போதும். அதற்கும் இளகாவிட்டால், இங்கே கடைகளில் கிடைக்கும் மினரல் டெர்பன்டைனைப் பஞ்சில் தொட்டு, சன்னலைத் திறந்து வைத்து, நெருப்புக்கு அப்பால் இருந்து துடையுங்கள். குச்சி வேண்டுமானால் மூங்கில் குச்சி; இரும்புக் கம்பிப் பந்தைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். பெயர் வெட்டிய பகுதியைத் தொடாமல் விடுங்கள். பச்சைப் புள்ளிகள் உள்ள விளக்கானால் கழுவியவுடன் துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்துங்கள்.

அதன்பின்னும் மங்கலாக இருந்தால், டேனியர் 'ஸ்லெம்மெகிரிட்' என்று விற்கும் நயமான சுண்ணக்கட்டிப் பொடியைச் சிறிது ஸ்பிரிட்டில் குழைத்து, பருத்தித் துணியால் மெல்லத் தேய்க்கலாம். மோஸ் அளவுகோலில் சுண்ணக்கட்டியின் கடினம் சுமார் 3. செங்கற்பொடியிலும் மணலிலும் உள்ள குவாட்ஸின் கடினம் 7. பித்தளை இவ்விரண்டுக்கும் இடையில், சுண்ணக்கட்டிக்கு அருகில் நிற்கிறது. நம் சைவ உறவினர் திருநீற்றால் வெள்ளிக் கிண்ணத்தைத் துடைப்பதும் நயமான பொடி என்ற இதே அறிவினால்தான்.

பழப்புளியை நான் பழிக்கவில்லை. அதிலுள்ள தாத்தாரிக் அமிலம் களிம்பைப் பிடித்திழுக்கும் ஆற்றல் உடையது. அதே அமிலத்தின் உப்பான ரோஷல் உப்பை, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரோஷல் நகரத்து மருந்துக்காரர் சென்யெத் செய்தார்; அது பின்னர் அருங்காட்சியக ஆய்வுக்கூடங்களில் செம்புக் களிம்பை நீக்கப் பயன்பட்டது. நம் ஆச்சிமார் அறிந்த புளியும் அறிஞர் வடித்த உப்பும் ஒரே குடும்பம். ஆனால் அன்றாடம் புழங்கும் செம்புக்குப் புளி நல்லது. எழுத்தும் நோயும் உள்ள பழம்பொருளுக்கு ஆகாது. வினாகிரிக்கும் இதுவே பொருந்தும். அமிலத்தில் அதிக நேரம் கிடந்த பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். அது கறையன்று, நாகம் கரைந்து வெளியேறிவிட, செம்பு மட்டும் எஞ்சிய இடம். அதைத் தேய்த்துப் பயனில்லை. போன நாகம் திரும்பாது.

அமோனியா கலந்த மெருகுத் திரவங்களைப் பற்றியும் ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் மட்டும் தாமாகவே வெடித்துப் பிளந்தன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். 1920களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர்கள் காரணத்தை நிறுவினார்கள்: குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, அடித்து இறுக்கிய பித்தளையின் மணிகளுக்கு இடையே புகுந்து பிளந்திருக்கிறது. நம் விளக்கின் தண்டு வார்ப்பு. தகடோ அடித்துச் செய்தது. எனவே தகட்டுப் பகுதிக்கு அத்திரவங்களைத் தவிர்ப்பது நல்லது. எழுத்துக் குழிகளுக்குள் அவை விட்டுச்செல்லும் வெண்பொடியும் பின்னர் தொல்லை தரும்.

திரும்பத் திரும்ப வரும் இளம்பச்சைப் புள்ளிகளுக்கு வீட்டு வைத்தியம் இல்லை. விளக்கை உலர்ந்த இடத்தில், வெறுங்கையால் அதிகம் தொடாமல் வைத்துவிட்டு, உலோகங்களில் பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவரிடம் காட்ட வேண்டும். இந்நாட்டு லூத்தரன் கோயில்களின் பழம்பொருள்களுக்குத் தேசிய அருங்காட்சியகம் ஆலோசனை கூறுகிறது. நமக்கும் திருச்சபையின் கட்டளை தெளிவாகவே இருக்கிறது: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, 126ஆம் எண்ணில், கோயிலின் மதிப்புவாய்ந்த பொருள்கள் கைமாறியோ அழிந்தோ போகாதபடி காக்க வேண்டும் என்கிறது. குருக்களுக்கான பேராயமும் 1971 ஏப்ரலில் இதையே ஒரு சுற்றுமடலில் வலியுறுத்தியது. வீட்டு விளக்குக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது; ஆனால் திருப்பலிக்கென்று கோயிலுக்குள் வரும் விளக்கை நான் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

அந்தக் குடும்பத்தாரிடம் விளக்கை அப்படியே, பிசுக்கு மட்டும் நீக்கிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திருவிழாவன்று அது பீடத்தின் இடப்பக்கத்தில், கறையோடுதான், எரியும். இரண்டாம் எழுத்தை வாசிக்கக்கூடிய முதியவர் யாரேனும் நம்மிடையே இருந்தால், திருப்பலிக்கு முன் அரைமணி நேரம் முன்னதாக வாருங்கள். சாய்வாக வெளிச்சம் விழும் ஒரு கைவிளக்கை நான் கொண்டுவருகிறேன்.

இறையாசீருடன்,
உங்கள் அருட்பணியாளர், ஸ்கீவ